வெங்காயத் தோட்டத்தில் விமானம் இறக்கிய கம்பியர்

ஆகாயத்தில் போன விமானத்தை வெங்காயத் தோட்டத்துக்குள் கூப்பிட்டு இறக்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். தெல்லிப்பழையில், என் வீட்டுக்கு அடுத்த வளவில் இருக்கிறார். பெயர் கம்பியர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கையில் கட்டுக்கம்பி இருந்தால் அவர் எதையும் திருத்துவார். மூக்குக்கண்ணாடி, சைக்கிள் சீற், படலை எல்லாம் கம்பியில்தான் நிற்கின்றன. ஒருமுறை எனக்குப் பல் ஆடுகிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். குறடு எடுக்க உள்ளே போனார். நான் ஓடித் தப்பினேன்.

தோட்டத்தில் கண்ணூறுக்கு ஒரு வைக்கோல் வெருளி வைத்திருந்தார். காற்றில்லாத நேரம் வெருளியின் இடுப்பில் கட்டிய சிவப்புச் சாறம் தொங்கிப்போய், தெருவால் போகிறவர்களின் கண் நேரே வெங்காயத்தில் விழுகிறதாம். விடுவாரா மனிதர்? சாறத்துக்குள் கம்பியைக் கோத்து, எந்நேரமும் தெருப்பக்கம் பறக்கிற மாதிரி விறைப்பாக நிறுத்திவிட்டார்.

“அண்ணை, சோளகக் காத்து தெருப்பக்கமிருந்தெல்லே அடிக்குது. உங்கடை சாறம் காத்தை எதிர்த்துப் பறக்குதே!” என்றேன்.

“காத்து தன்ரை பாட்டிலை அடிக்கட்டும். கண்ணூறு தெருவாலைதானே வருது!”

ஒரு நாள் மத்தியானம் தலைக்கு மேலே குட்டி விமானம் ஒன்று இருமியது. இரண்டு தரம் இருமி அடங்கியே விட்டது. ஐயோ, நான் வாழைக்குள் விழுந்து படுத்தேன்! தென்னைமர உச்சி வட்டை உரசிக்கொண்டு வந்து, கம்பியரின் தோட்டத்தில் சக்கரம் பதித்து, நிற்காமல் ஓடி, வெருளியை அடித்து விழுத்தி, வேலிக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது.

உள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை இறங்கினாள். தனியாகப் பறக்கப் பழகுகிறவள். முழங்காலில் உரசல் மட்டும். நாங்கள் தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் கம்பியர் உடைந்த சக்கரத்தைக் கம்பியால் வரிந்து கட்டிவிட்டார்.

“பிள்ளை, இனிக் கொழும்பு மட்டும் பயமில்லாமல் போகலாம்.”

விசாரணைக்கு வந்த விமான அதிகாரி எங்கள் பக்கத்து ஆள்தான். “உது என்ன கட்டு?” என்று தலையில் கைவைத்தார். பிறகு பிள்ளையைப் பிடித்தார்.

“எஞ்சின் நிண்டது உம்மடை பிழையில்லை. ஆனால் காத்துக்கு முகங்குடுத்து இறக்கியிருந்தால் வேலிக்கு முன்னமே நிண்டிருக்கும். காத்தை முதுகிலை வைச்சு ஏன் இறக்கினீர்? காத்துப் பாக்கத் தெரியாத ஆளுக்கு லைசென்ஸ் குடுக்கேலாது.”

“சேர், ஒரு சிவப்புத் துணி பறந்துது. அதைப் பாத்துத்தான்...”

“எங்கை துணி?”

துணியைக் காணவில்லை. வெருளி விமானத்துக்கு அடியில் நசிந்து கிடந்தது. பிள்ளையின் கண் கலங்கிவிட்டது.

நான் கம்பியரின் காதுக்குள் சொன்னேன்: “அண்ணை, வாயைத் திறவாதேங்கோ. பிளேன் விழுத்தினவர் எண்டு உள்ளை போடுவாங்கள்.”

கம்பியர் படலைப் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு திரும்பி வந்து, விமானத்துக்கு அடியில் ஊர்ந்து, சாறத்தை இழுத்தெடுத்து அதிகாரிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். சோளகம் வீசு வீசென்று வீசுகிறது. சாறம் காற்றுக்கு எதிரே விறைத்துக்கொண்டு நிற்கிறது.

“ஐயா, பிள்ளை சரியாத்தான் பாத்தவ. பொய் சொன்னது என்ரை சாறம். பிடிக்கிறதெண்டால் என்னைப் பிடியுங்கோ.”

அதிகாரி சாறத்தைப் பார்த்தார், கம்பியரைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முடியாமல் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிள்ளை கம்பியரைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அவளுக்கு லைசென்ஸ் கிடைத்துவிட்டதாம். இப்போதெல்லாம் சின்ன விமானச் சத்தம் கேட்டால் போதும், கம்பியர் தோட்டத்து நடுவுக்கு ஓடிப்போய், காற்றுப் போகிற பக்கம் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஊரார் விசர் பிடித்துவிட்டது என்கிறார்கள். மனிதருக்குக் கை நோகுமே என்று, சில நாள் நானும் பக்கத்தில் போய் நின்று நீட்டுகிறேன்.