ஏழாவது மாடியில் ஒரு தடங்கல்

குடியிருப்பு அலுவலகம் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை ரத்னவேல் மூன்றாவது முறையாகப் படித்தார். மாடியின் பொது நடைபாதையை 'அப்ஸ்ட்ரக்ட்' செய்யும் பொருளை வெள்ளிக்கிழமைக்குள் அகற்ற வேண்டும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. எந்தப் பொருள் என்று இல்லை.

"செடிதான்," என்றார்.

அவர் மனைவி தங்கத்தின் முகம் வெளுத்தது. வாசல் தொட்டியில் நின்ற கறிவேப்பிலைச் செடி அவள் பதினோரு வருஷமாக வளர்த்தது. சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனின் அந்த ஏழாவது மாடியில் பாதிப் பேர் ரசம் வைத்தது அதை நம்பித்தான்.

"செடின்னு எழுதியிருக்கா?"

"எழுதவே வேணாம். அந்த ஒரு வார்த்தை போதும்."

வக்கீல் அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கடிதம் எழுதியவர் ரத்னவேல். ஓய்வு பெற்று நாலு மாதம் ஆகிறது. இப்போது அவருக்கு அலுவலகம் என்பது வாசலில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிதான். காலையில் காலை நீட்டி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பாவம், அந்த மனிதருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டுத் தாரணி வேலைக்குக் கிளம்பி வந்தாள்.

"நில்லும்மா. அப்ஸ்ட்ரக்ட்னா என்ன?"

"பிளாக் பண்றது அங்கிள். எம்ஆர்டி ரயிலுக்கு லேட்டாச்சு லா."

"பிளாக்கெல்லாம் பேச்சுக்கு. ஆபீஸ் லெட்டர்ல, கோர்ட்டுல அப்ஸ்ட்ரக்ட். முழுசா அடைக்கணும்னு இல்ல, போறவங்களைச் சிரமப்படுத்தினாலே போதும். போலீஸை வேலை செய்ய விடாட்டாலும் இதே வார்த்தைதான்."

அவர் நீட்டிய காலுக்கு இந்தப் பக்கம் நின்றபடி தாரணி பத்து நிமிஷம் தலையாட்டினாள். பிறகு காலைத் தாண்டி ஓடினாள்.

அன்றே அவர் தொட்டியைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார். பிரிட்ஜ் கதவு திறக்கவில்லை. குளியலறைக்குக் கொண்டுபோனார். தங்கம் கிளைகளுக்கு நடுவே நின்று குளித்துவிட்டு, முதுகெல்லாம் கீறலோடு வந்தாள்.

"வாசல்லயே இருக்கட்டுமே. அது சுவரோட ஒட்டித்தானே இருந்துச்சு?"

"சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது தங்கம்."

கடைசியில் அதே மாடியில் இருக்கும் சேக் தாவூதுதான் கிடைத்தார். அவருக்கு ஃபேரர் பார்க்கில் கடை, சொந்த வேன். கையில் மீன் பையோடு வந்தவரை நிறுத்தி ரத்னவேல் அந்த வார்த்தையை விளக்கி முடிப்பதற்குள் பையிலிருந்த ஐஸ் உருகித் தரையில் ஓடியது.

"செடியை நானே கடையில வச்சுக்கிறேன் அண்ணே," என்றார் தாவூது. "இப்ப என்னை விடுங்க."

லிப்டில் ஏற்றும்போது பெரிய கிளை ஒடிந்தது. தங்கம் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"முன்னல்லாம் இலை பறிக்க வந்து நின்னு பேசிட்டுப் போவாங்க. இப்ப எல்லாரும் அந்தக் கோடிப் படியில இறங்கிப் போயிடறாங்க," என்றாள்.

"பார்த்தியா, அந்தச் செடி எவ்வளவு அப்ஸ்ட்ரக்ட் பண்ணியிருக்குன்னு."

தங்கம் ஒடிந்த கிளையோடு உள்ளே போனாள்.

மறுநாள் சாம்பாரில் கறிவேப்பிலை இல்லை. கல்யாணமானதிலிருந்து இப்படி நடந்ததில்லை. அவர் தட்டை நகர்த்தி வைத்தார். அவளுக்காகத்தான், செடியைத் திரும்ப வைக்க அனுமதி கேட்டு இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதினார். செடி இருந்த இடத்தில் நாற்காலியை வசதியாகத் தள்ளிப் போட்டு, எழுதுவதற்கு ஒரு ஸ்டூலையும் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை, குடியிருப்பு அலுவலகத்திலிருந்து ஜெய் என்ற இளைஞன் வந்தான். ஸ்டூலைச் சுற்றி ஒருக்களித்துத்தான் அவனால் வர முடிந்தது. கதவுக்குப் பின்னால் தங்கம் மூச்சு விடாமல் நின்றாள்.

"செடியை எடுத்தாச்சு தம்பி," என்று ரத்னவேல் கடிதத்தை நீட்டினார். "ஆனா ஆசையா வளர்த்தது. அவ சாப்பிடவே மாட்டேங்கிறா. திரும்பக் கொண்டுவர விடுங்க."

ஜெய் கைப்பேசியிலிருந்த படத்தைப் பார்த்தான், நாற்காலியைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"செடியை யார் அங்கிள் எடுக்கச் சொன்னா? கம்ப்ளெய்ன்ட்ல இருக்கிறது இந்த நாற்காலிதான், அதை எடுக்கச் சொல்லித் தங்கம் ஆன்ட்டிதானே போன் பண்ணினாங்க?"