இரண்டு நாற்பதுக்கு இறங்கவும்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் மாமியார், தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கைப்பட எழுதுவது. வந்து சேர்ந்தேன், கைகால் சரியாக இருக்கிறது. நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நான் இல்லாத வீட்டில் சுகத்துக்கு என்ன குறைச்சல். ஐந்தாவதோடு நின்றவள் நான், எழுத்து கோணினால் நிமிர்த்திப் படித்துக்கொள்.

முதலில் நன்றி. நீ வந்த இருபத்தொரு வருஷத்தில் உனக்கு நான் நன்றி சொல்வது இது இரண்டாவது தடவை. முதல் தடவை நீ என்ன புடவை கட்டியிருந்தாய் என்பதுகூட நினைவிருக்கிறது. டிராவல்ஸ் ஆபீசில் ஊருக்கெல்லாம் பயண நிரல் போட்டுக் கொடுக்கிறவள் நீ. எனக்கும் ஒன்று போட்டுக் கையில் திணித்தபோது, "அப்படின்னா என்னடி?" என்றேன். "எங்க, எப்ப, எதுல போறீங்க, எங்க இறங்கறீங்கன்னு வரிசையா எழுதி வைக்கறது அத்தை." "நான் என்ன பார்சலா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றே நாளில் அந்த வார்த்தை நம் வீட்டில் படாத பாடு பட்டது. நான் குளிக்கப் போனால்கூட உன் மகள், "பாட்டி, பயண நிரல் எங்கே?" என்றாள். அதை நான் மறக்கவில்லை என்று அவளிடம் சொல்.

தங்கைக்கு நாளைக் காலை முழங்காலில் ஆபரேஷன். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை, நீதான் சொன்னாய். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. ஏன் என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன், நூற்றொன்றாகக் கேள். அன்றைக்குப் புதன்கிழமை, தூறல். அவள் வீட்டுப் பச்சைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு கை கதவில், ஒரு கையில் கரண்டி. "வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?" கூடப் பிறந்தவள் வீட்டுக்கு முன்பதிவா? அன்றைக்கு மூடிய வாய். ஆனாலும் கத்தி படுவதற்கு முன்னால் அந்தக் காலை ஒரு தடவை பார்த்துவிட மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

உன் காகிதத்தை எழுத்துப் பிசகாமல் நடத்தினேன். பதினொன்றரை முதல் பன்னிரண்டு வரை ஓய்வு என்று போட்டிருந்தாய். பஸ் நிலையத்தில் பக்கத்தில் இருந்த பெண் ஆசையாகப் பேச்சுக் கொடுத்தாள். "இப்ப எனக்கு ஓய்வு" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பன்னிரண்டுக்குத் திறந்து, அவள் மாமியார் கதை முழுவதும் கேட்டேன். பஸ் அரை மணி தாமதமாகக் கிளம்பியது, அது பஸ்ஸின் குற்றம். இரண்டு நாற்பதுக்கு இறங்கவும் என்று நீ எழுதியிருக்கிறாய். சரியாக இரண்டு நாற்பதுக்கு எழுந்துவிட்டேன். "ஸ்டாப் இன்னும் வரல பாட்டி" என்றான் கண்டக்டர். "மணி வந்துடுச்சு, நிறுத்துப்பா." "மணிக்கும் ஸ்டாப்புக்கும் என்ன சம்பந்தம்?" "என் மருமக போட்டது. அவளுக்கு ஆபீஸ்லயே இதான் வேலை, நீ எனக்குச் சொல்லித் தராதே." இறங்கினேன். பஸ் போன பிறகு பார்த்தால் ஒரு தையல் கடை, ஒரு டயர் கடை, வேறு ஒன்றுமில்லை. தையல்காரர் முக்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அடுத்த பஸ் ஆறு மணிக்குத்தான் என்றார். ஆறு மணிக்கு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்களே என்று உன் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அழுதேன். நீ இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மூன்றே முக்காலுக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பின்னால் என் தங்கை. அவளுடைய ஸ்டாப்பில் இரண்டரை மணியிலிருந்து நின்றிருக்கிறாள். மணியாச்சு என்று ஒரு பாட்டி நடுவழியில் இறங்கிவிட்டதாகக் கண்டக்டர் சொன்னதும், அது எங்க அக்காதான் என்று காரைப் பிடித்து வந்திருக்கிறாள்.

"பஸ்ஸை விட்டுட்டு பேப்பர்மேல ஏறி வந்தியாக்கா?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்குடி வந்தே?"

அவள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். உன் எழுத்து, அதே நேரங்கள். "இப்பதான் சொல்லிட்டு வந்திருக்கே. நான் வந்து நிக்க வேண்டாமா?"

பயண நிரல் போகிறவளுக்கு எழுதுவது என்று நினைத்திருந்தேன். காத்திருக்கிறவளுக்கும் ஒன்று அனுப்புவாய் என்று நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன். ஆகவே சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்து நன்றி. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவள் உள்ளே பை கட்டுகிறாள். பெரியவள் நான், அந்தப் பழைய பேச்சை மன்னித்துவிட்டேன் என்று இதோ போய்ச் சொல்லப் போகிறேன்.

நீயும் என் பிள்ளையும் பேத்தியும் என்றைக்கும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, நிறைவாக இருக்க என் ஆசி.

இப்படிக்கு,
உன் அத்தை

பி.கு.: மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "அக்கா, அன்னிக்கு நனைஞ்சுகிட்டு வந்தது நான். கரண்டியோட நின்னது நீ." வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இந்த வீட்டுக் கதவு நீலம், கட்டின நாளிலிருந்து நீலமாம். நீ பெயிண்டை மாற்றும்வரை நம் வீட்டுக் கதவுதான் பச்சை. ஆகவே நான் திரும்ப நீ போட்ட சனிக்கிழமையை அடித்துவிடு. இவள் நடக்கிறவரை இங்கே இருந்துவிட்டு, கையோடு நம் வீட்டுக்கு அழைத்து வருகிறேன். புது நிரல் இரண்டு பேருக்குப் போடு. பார்த்துக்கொள், வருவதற்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.