அப்பா முதல் ரேங்க் வாங்கிய ரத்தப் பரிசோதனை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் எழுதிக்கொள்வது. எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நாம் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் 'ம்' போடுவேன், "சரி வைக்கிறேன், உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது அந்த 'ம்'முக்குள்ளேயே தங்கிவிடும். கடிதத்தில் உங்களால் குறுக்கே பேச முடியாது. இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இங்கே மூவரும் நலம். மூவரில் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தின் தயவில் நலம். போன மாதம் நீங்கள் விட்டுவிட்டுப் போன செருப்பு பத்திரமாக இருக்கிறது. "வந்தப்போ சரியாத்தான் இருந்துச்சு, நாலே நாள்ல சுருங்கிப்போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று அம்மாவின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்களே, அதைத் திருப்பித் தர அவசரமில்லை என்று அம்மா எழுதச் சொன்னார். சொல்லும்போது தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா டயாலிசிஸ் செய்துகொள்ளும் மருத்துவமனையின் லேபில்தான் எனக்கு வேலை என்பது உங்களுக்குத் தெரியும். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ரத்தத்தில் சில பொருள்களை அளந்து பார்த்தால், யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியுமா என எங்கள் டாக்டர் ஓர் ஆய்வு தொடங்கியிருக்கிறார். அதற்காக அப்பாவின் டயாலிசிஸ் அறையில் ஒன்பது நாற்காலிக்காரர்களிடமும் ஒரு குழாய் ரத்தம் கூடுதலாக எடுத்தார்கள். இரண்டு வாரத்தில் ஆளுக்கொரு சீட்டு வந்தது. நாலு மணி நேரம் ஒரு கையை நீட்டியபடி சாய்ந்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே, சீட்டுகள் நாற்காலிக்கு நாற்காலி கைமாறின. நான் உள்ளே போனபோது ஒன்பது சீட்டும் அப்பா மடியில் இருந்தன.

"நம்ம ரூம்லயே யாருக்கும்மா அதிகம்?" என்றார்.

"உங்களுக்குத்தாம்பா. அதனால..." என்றேன்.

அந்த 'அதனால'வுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் வைத்திருந்தேன் அத்தை. அதற்குள் அப்பா, ஊசி குத்தாத கையைத் தூக்கி, "கேட்டீங்களா! படிச்ச பிள்ளை சொல்லுது, நான்தான் பர்ஸ்ட்!" என்று அறிவித்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் வீட்டுக்குள் எண்கள் அச்சிட்ட தாள் என்று வந்ததெல்லாம் என் மார்க் ஷீட்தான். எண் பெரிதாக இருந்தால் மிட்டாய், சின்னதாக இருந்தால் மௌனம். இருபத்தாறு வருஷம் லிஃப்ட் இயக்கியவர் வேறு. எனக்கு நல்ல மார்க் வந்த நாட்களில் ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து மிட்டாய் கொடுத்தவர். அன்றைக்கும் கொடுத்தார். அம்மாவுக்குப் போன் செய்து மிட்டாயை வரவழைத்து, சர்க்கரை உள்ளவர்களை நர்ஸ் சைகையால் விலக்க விலக்க, மற்றவர்களுக்கு ஒவ்வொன்று விநியோகம் நடந்தது. மறுநாள் அம்மா அந்தச் சீட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, என் பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார். "ஒரே வீட்ல ரெண்டு பர்ஸ்ட் கிளாஸ்" என்று அண்டை வீட்டுக்காரர்களிடம் சொல்லியும் ஆகிவிட்டது. நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

டாக்டர் சொல்லவில்லையா என்று கேட்பீர்கள். சொன்னார். "எண் கூட இருக்குன்னா வாதம் வந்தே தீரும்னு இல்ல, உங்களை நாங்க உத்துப் பாக்கணும், அவ்வளவுதான். கழுத்து ரத்தக் குழாயை ஒரு ஸ்கேன் எடுக்கணும், பிரஷர் மாத்திரையை விடாம போடணும், தண்ணியைக் குறைக்கணும்" என்று பொறுமையாகச் சொன்னார். அப்பாவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர் போனதும் என்னிடம் திரும்பினார்: "பெயிலானவனுக்குத்தானே மறுபரீட்சை? பர்ஸ்ட் வந்தவனை எதுக்கு ஸ்கேனுக்குக் கூப்பிடுறாங்க? பாவம் டாக்டர், சீட்டு மாறிப்போச்சுபோல."

'ம்' என்றேன். என்னை மன்னியுங்கள்.

இதோடு நின்றிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒருவர் இருக்கிறார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சீட்டைச் சந்தேகப்பட்டவர், இப்போது தன் சீட்டைச் சந்தேகப்பட்டார். அவருடைய எண்தான் அறையிலேயே குறைவு. "மெஷின்ல கோளாறு. என்னைக் கடைசில போட்டிருக்கான்" என்று இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்து, "நீங்க என்னதான் சாப்பிடுறீங்க, சொல்லுங்களேன்" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா தாராள மனசுக்காரர். தன் வெற்றிக்குக் காரணம் என்னவாக இருக்கும் என்று யோசித்து, "நான் யாருக்கும் தெரியாம ஒரு சொம்பு தண்ணி கூடக் குடிப்பேன். அதுவா இருக்கும்" என்று ரகசியம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை பரிசோதகர் எடை மேடையில் ஏறியபோது நர்ஸ் முள்ளைப் பார்த்து, அவரைப் பார்த்து, மறுபடி முள்ளைப் பார்த்தார். உடம்பில் நாலு கிலோ தண்ணீர். மூச்சு வாங்கியது. ஆக்சிஜன் வைத்து, ஒரு மணி நேரம் கூடுதலாக ஓட்டி, ஒருவழியாகச் சமாளித்தார்கள். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே பரிசோதகரின் இரண்டு கண்ணும் அப்பாவைப் பார்த்து, "எண் எவ்வளவு ஏறியிருக்கும்?" என்று ஆசையாகக் கேட்டன. நர்ஸ் அப்பா பக்கம் திரும்பினார். "தண்ணி குடிக்கச் சொல்லிக் கொடுத்தது யாரு?" அப்பா போர்வையைத் தாடைவரை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தார். அவருக்குப் பாவனை வராது அத்தை, இமை துடித்துக்கொண்டே இருந்தது.

ஸ்கேனுக்குக் குறித்த நாள் இரண்டு முறை தப்பிவிட்டது. வருகிற வியாழன் மூன்றாவது. இவருக்கு ஒரு பக்கம் கை கால் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நான் லேபில் மற்றவர்களின் ரத்தத்தை இயந்திரத்தில் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறேன். சாதாரணமாக எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அதுதான் கஷ்டம். டயாலிசிஸ் முடிந்து வந்தால் அம்மாவைக் கேலி செய்கிறார், டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்ததால் எப்போதும் இரையும் கையை என் காதில் வைத்து, "பாரு, பிரிட்ஜ் மாதிரி ஓடுது" என்கிறார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் மனிதரிடம் போய், நீங்கள் வாங்கியது முதல் மதிப்பெண் அல்ல என்று எந்த வாயால் சொல்வேன்? அவர் பயப்படும் ஒரே ஆள் நீங்கள். சின்ன வயதில் நீங்கள் திருகிய காது இன்னும் கொஞ்சம் நீளமாக இருப்பதாக அவரே சொல்வார். புதன்கிழமைக்குள் வந்து, அந்தக் காதைப் பிடித்து, ஸ்கேனுக்குக் கூட்டிப்போங்கள்.

அத்தான், அண்ணி, குட்டிகள் எல்லோருக்கும் என் அன்பு. பெரியவளுக்குக் கணக்கு வராவிட்டால் அடிக்க வேண்டாம், குறைந்த எண்ணும் சில இடங்களில் நல்லதுதான் என்று சொல்லுங்கள்.

உங்கள் காதுத் திருகலுக்கு எப்போதும் பயப்படும்,
தம்பி மகள்

பி.கு.: அத்தை, மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாலு நாளைக்கு முன், இதற்கு உறை வாங்கக் கடைக்குப் போன பத்து நிமிடத்தில் அப்பா மேசையில் இருந்த கடிதத்தைப் படித்துவிட்டார். நான் வந்தபோது சுவரில் இருந்த சீட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ஏம்மா, இதை என்கிட்ட சொல்ல எங்க அக்கா வரணுமா?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா."

"நான் எதுக்குச் சந்தோஷப்பட்டேன்? மார்க்குக்கா? நீ எனக்குப் படிச்சுச் சொன்னியே, அதுக்கு. டாக்டர் சொன்னா பத்துல ஒண்ணு கேப்பேன். நீ சொன்னா கேக்க மாட்டேனா? உன்னைப் படிக்கவெச்சதே நீ சொல்லணும்னுதான்."

வியாழனுக்குக் காத்திராமல் முந்தாநாளே ஸ்கேன் எடுத்தாயிற்று. கழுத்துக் குழாயில் பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையும் தண்ணீர்க் கணக்கும் ஒழுங்காக இருக்கட்டும் என்றார்கள். அப்பா பரிசோதகரிடம் போய், "நீங்கதான்யா பர்ஸ்ட், நான்தான் கடைசி" என்று மன்னிப்புக் கேட்டார். பரிசோதகர் தன் சீட்டுக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டும் என்றிருக்கிறார். இப்போது ஒன்பது நாற்காலியிலும் யார் குறைவாகத் தண்ணீர் குடித்தார்கள் என்று போட்டி. அப்பா மருந்து மூடியில் அளந்து குடிக்கிறார். ஆகவே அவர் காதைத் திருக நீங்கள் வர வேண்டியதில்லை.

ஆனாலும் வாருங்கள். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது அப்பாவுக்காக மட்டும் இல்லை. நான் சொன்னால் கேட்பதாக உங்கள் தம்பி சொன்ன தைரியத்தில் இதையும் எழுதிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன், சிறுநீரகக் கோளாறு தெரியவருவதற்குச் சற்று முன்பு, அப்பாவின் ஷூவும் இப்படித்தான் சுருங்கியது. அவரும் கடைக்காரரோடுதான் சண்டை போட்டார். நீங்கள் கிளம்பிய அன்று, கழற்றிய பிறகும் உங்கள் காலில் செருப்பு வாரின் பள்ளம் அப்படியே இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு 'ம்' என்று நின்றேன். உங்கள் செருப்பு சுருங்கவில்லை அத்தை. அதனால், இந்த முறை வாக்கியத்தை முடிக்கிறேன், எங்கள் லேப் காலை ஏழு மணிக்குத் திறக்கும், ஊசி நானே குத்துகிறேன், வலிக்காது. எங்கள் வீட்டுக்கு யாரையும் நான் இப்படி அழைத்ததில்லை: தயவுசெய்து வெறும் வயிற்றோடு வாருங்கள்.