தீ வைத்து வளர்த்த புல்

பீடி குடிக்காமல், விளக்கேற்றும் வேலையும் இல்லாமல், இடுப்பில் எந்நேரமும் தீப்பெட்டியோடு திரிந்த மனிதர் மட்டாஞ்சேரியில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். தீப்பெட்டி அண்ணன். அவரைக் கண்டாலே எங்கள் முதலாளிக்குக் குலை நடுங்கும். நடுங்காதா பின்னே? எழுபதுகளில் எங்கள் கிடங்கு நிறைய புல்தைலம். மலைப்புல்லைக் காய்ச்சி எடுத்துக் கப்பலேற்றுகிற, எலுமிச்சை மணக்கும் தைலம். அந்த டிரம்களை உருட்டுவதுதான் அண்ணனுக்கு உத்தியோகம்.

பீர்மேட்டுப் பக்கத்து மலைக்காரர். முன்பு அங்கேயே புல்லறுத்துத் தைலம் காய்ச்சியவர். மலையை ரப்பர் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றதும், ஒரு சாக்கு நிறையப் புல்லைத் தூரோடு பெயர்த்துக்கொண்டு இறங்கி வந்து, கிடங்குக்குப் பின்னால் நட்டு வைத்தார். எதற்கு அண்ணே என்று கேட்டேன்.

"ரப்பரு எத்தன நாளைக்கு தம்பி? ஒருநா வெட்டித்தானே ஆவணும். அன்னைக்கு நட வித்து வேணுமில்ல?"

சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம் மனுஷன் அந்தப் புல்லுக்குத் தீ வைத்துவிட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் டிரம் டிரம்மாகத் தைலம். பஜாரே ஓடியது. தீயணைப்பு வண்டி வந்து அணைத்து முடிக்கும்போது அண்ணன் நிதானமாக அவர்களுக்குச் சாயா வாங்கி வந்தார்.

"எடோ, தனக்கு பிராந்தா?" பைத்தியமா என்று மலையாளத்தில் கத்தினார் முதலாளி.

"மழைக்கு முன்ன பத்த வெச்சாத்தான் முதலாளி புல்லுக்கு உசுரு. எங்க மலையில வருசா வருசம் வெப்போம். வெக்கலைன்னா புதர் ஏறி மூடிப்போவும்."

அதற்கப்புறம் ஒவ்வொரு சித்திரையும் எங்களுக்குத் திருவிழா. கேட்டில் அண்ணன் தீப்பெட்டி இல்லையென்று வேட்டி மடிப்பை உதறிக் காட்ட வேண்டும். சாயாக்கடைச் சேட்டன் அடுப்பை மறைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை முதலாளியே பஸ் காசு கொடுத்து, மழை வரும்வரை ஊரில் இரு என்று அனுப்பினார். மறுநாள் காலையே ஆள் திரும்பிவிட்டார்.

"என்ன அண்ணே, மலை இல்லையா?"

"மலை இருக்கு. குட புடிச்சிக்கிட்டு நிக்குது. அடியில வெயிலே விழல. ஒரு காடை கத்தல."

அன்று அவர் சோறு தின்னவில்லை.

தீ படாத புல் சருகுக்குள்ளேயே மூச்சுமுட்டி மஞ்சளாகியது. கம்யூனிஸ்ட் பச்சை என்று நாங்கள் சொல்லும் புதர்ச்செடி நாலாபக்கமும் ஏறியது. அண்ணன் தினமும் பிடுங்குவார். அது தினமும் வரும்.

எண்பதுகளில் தைல வரத்தே நின்றுபோனது. மலைகளில் புல் இருந்தால்தானே வரும். காலிக் கிடங்கைப் பார்த்து முதலாளியே சொன்னார்: "போ, தீ வெச்சுக்கோ. இனி இங்க எரிய என்ன இருக்கு?"

அண்ணன் குளித்துவிட்டு வந்து தீ வைத்தார். அழகாக எரிந்தது. வைகாசியில் வரும் இடவப்பாதி மழையும் கொட்டியது. புதர் மட்டும் துளிர்த்தது. அண்ணன் ஒரு புல்தூரைப் பிடித்து இழுத்தார். வேரோடு கையில் வந்தது, உளுத்துப்போய்.

"நேரங்கழிச்சுத் தீ குடுத்துட்டாங்க தம்பி," என்றார்.

"வாங்கண்ணே, நனையிறீங்க."

"நீ போ. ஒண்ணாவது தலையெடுக்குதான்னு பாத்துட்டு வர்றேன்."

எனக்குப் போக மனசு வரவில்லை. மழையில் அவர் பக்கத்திலேயே குந்தி, நானும் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.