காலரில் மாட்டிய மைக்

என்ன ஆனாலும் சரி, இன்றைக்குத் தரையை விட்டு ஒரு அங்குலம்கூட எழும்புவதில்லை என்று சபதம் செய்துகொண்டுதான் தையல்காரர் கேளிக்கைப் பூங்காவுக்குள் நுழைந்தார். அவர் மனைவியோ, தலைகீழாகச் சுற்றும் ராட்சத ரயிலில் ஏறுவதற்கென்றே மூன்று மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவள்.

அவளுக்குக் காது மந்தம். இரண்டு காதிலும் மிஷின் உண்டு. வீட்டில் சிரமமில்லை, கூட்டத்தில்தான் கணவர் பேச்சும் இரைச்சலோடு இரைச்சலாகிவிடும். பூங்கா வாசலில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். அவள் கழுத்தில் ஒரு சின்னக் கருவி. கூடவே கட்டைவிரல் அளவில் ஒரு மைக்.

"யார் பேசுறது கேக்கணுமோ அவங்க சட்டையில மாட்டிடுங்க. கூட்டத்துல எங்க நின்னு பேசினாலும் நேரா உங்க மிஷின்ல கேக்கும்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

மனைவி யோசிக்கவே இல்லை. கணவர் காலரில் மாட்டினாள். "இவர் பேசுறதுதான் வேணும்."

தையல்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை! கூட வந்த சகலையை ஒரு பார்வை பார்த்தார். அரைமணியில் பெருமை மட்டும் மிச்சமிருந்தது. மைக் மறந்தே போயிற்று.

ராட்சத ரயிலிலிருந்து ஒரே அலறல். மனைவியைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, காபி வாங்கும் சாக்கில் சகலையைத் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?"

"ஸ்டூல் மேல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும். இதுல ஆளையே சுத்துறான்!"

"அண்ணிகிட்ட சொல்லிடுங்களேன்."

"இருபத்திரண்டு வருஷமா என்னைப் பெரிய வீரன்னு நம்பிட்டிருக்காப்பா! காது மிஷின் போட்டவங்களை ஏத்த மாட்டாங்களாம்னு ஒரு போடு போடப்போறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிடும்."

"பாவம்ணே, ஆசையா வந்திருக்காங்க."

"முழுசா வீடு போய்ச் சேரணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

காபியோடு திரும்பி வந்தால் பெஞ்சில் ஆளில்லை. ராட்சத ரயில் வரிசையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தாள். காதில் மிஷின் இல்லை. கழுத்தில் கருவி இல்லை.

"எல்லாத்தையும் லாக்கர்ல வச்சுட்டேன்," என்றாள். "மிஷினைக் கழட்டிட்டா ஏத்துவாங்களாம். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம்."

தையல்காரரின் கை மெல்லக் காலருக்குப் போனது. மைக்கில் பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

"அடியே... நான் சும்மா..."

"என்னங்க? ஒண்ணும் கேக்கலையே!"

"பயமா இருக்குடி!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு மட்டும் கேட்கவில்லை. மைக்கைப் பதமாகக் கழற்றிச் சகலையிடம் கொடுத்தாள். "இதுக்கு அடிபடக் கூடாது."

மடிமேல் இரும்புக் கம்பி இறங்கியது. வானம் கீழே போனது. தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வங்கள் அத்தனையையும் கூப்பிட்டார். இரண்டாவது சுற்றில் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். அவர் கையைப் பிடித்தபடி அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! இன்னொரு கண்ணையும் திறந்தார்.

இறங்கியதும் பெஞ்சில் சரிந்து சகலை வைத்திருந்த ஆறிப்போன காபியைக் குடித்தார். அவள் மிஷினை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்களை வீரன்னு நான் எப்பங்க நம்பினேன்? கரப்பான்பூச்சிக்குக் கட்டில்மேல ஏறினவர்தானே!"

சகலைக்குப் புரையேறியது. தையல்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் வாய் தவறியது:

"ஆனாலும் நல்லாத்தான்டி இருந்துச்சு."

"இது நல்லாக் கேட்டுச்சு," என்று அவள் எழுந்தாள். "வாங்க, இந்தத் தடவை முன்வரிசை."