அறுபதாவது கையெழுத்து

ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த ஒரு கவுன்சிலரைப் பதவியிலிருந்து இறக்க நான் ஒரு முறை முயன்றிருக்கிறேன். கடைசியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேரூராட்சி அலுவலகப் படி இறங்கியது நான்தான்.

போன வாரம் பெரியவள், வகுப்புத் தலைவியை மாற்றச் சொல்லி பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள் அல்லவா? உங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஷூ சைஸ் எழுதலையாடி?" என்று கேட்டுச் சிரித்தாளே, அது இந்தக் கதைதான். அவள் சொன்னால் இன்னும் நாலு பொய் சேரும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

நான் சாத்தூரிலிருந்து வந்து ஒரகடத்தில் லாரிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியவள் அப்போது அம்மா வயிற்றில் ஏழு மாசம். நாங்கள் குடியிருந்த தெருவில் குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. ஹைவேக்கு அந்தப் பக்கம் ஒரு அடிபம்பு. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து, இடுப்பில் குடத்தோடு அம்மா தினமும் ரோட்டைக் கடப்பாள். நான் லீவில் இருக்கும் நாளில் நான் தூக்குவேன். (மாசத்துக்கு நாலு நாள். அதிலும் இரண்டு நாள் ஓவர்டைம்.)

"ஏங்க, அந்தக் கவுன்சிலர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள் ஒருநாள்.

"உனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது" என்றேன் நான். எனக்கும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கம்பெனி நடைமுறை. எங்கள் லைனில் ஒரு சூப்பர்வைசர் ரொம்பக் கத்துவார். நாங்கள் எல்லோரும் ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம், மறுவாரமே அவரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். கவுன்சிலருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இவரைத் தூக்கி வேறு வார்டுக்குப் போட்டுவிட்டு, எங்களுக்கு நல்லதாக ஒருவரை அனுப்புவார்கள் என்று.

ஒரு முழுத்தாளில் மனு எழுதினேன். கவுன்சிலர் பெயர் தெரியாததால் "மேற்படி கவுன்சிலர்" என்று ஏழு இடத்தில் எழுதினேன். பின்னால் இன்னொரு தாளில் பெயர், கையெழுத்து, காரணம் என்று மூன்று கட்டம். முதல் வரியில் என் பெயர், காரணம்: தண்ணீர் இல்லை. அந்தக் கையெழுத்துத் தாளை மட்டும் கம்பெனி பஸ்ஸில் முன்சீட்டில் கொடுத்து, "அப்படியே பின்னாடி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கினேன். இரண்டு நாளில் ஐம்பத்தொன்பது கையெழுத்து. எண்ணினேனே தவிர, படிக்கவில்லை.

கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு பேரூராட்சி அலுவலகம் போனேன். செயல் அலுவலர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, ஐம்பத்தொன்பது என்பது அரைகுறையாகத் தோன்றியது. பக்கத்தில் வயர்கூடையோடு ஒரு அம்மா.

"அம்மா, நீங்க இந்த ஊரா? ஒரு கையெழுத்துப் போடுங்களேன். கவுன்சிலரை எறக்கணும்."

அந்த அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி, மனுவை முழுசாகப் படித்தார்.

"அந்தக் கவுன்சிலரை நீ பாத்துகீறியாபா?"

"இல்லம்மா. பாத்தா, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேப்பேன்."

"இன்னா கேப்ப?"

ஒரு வாய்ப்புக் கிடைத்ததே என்று நாலையும் கேட்டேன். ஏழு மாசக்காரி ஹைவேயைத் தாண்டித் தண்ணீர் தூக்குவதையும் சொன்னேன். அந்த அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். காரணம்: தண்ணீர் இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். எங்கள் இருவரையும் சேர்த்தே. செயல் அலுவலர் மனுவைப் படித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"தம்பி, பப்ளிக் கையெழுத்துப் போட்டு கவுன்சிலரை எறக்குறதுக்கு வழியே கிடையாது. அடுத்த எலெக்‌ஷன்ல ஓட்டுப் போட்டுத்தான் மாத்தணும். உங்களுக்கு ஓட்டு எங்க?"

"சாத்தூர்ல சார்."

"இவங்களுக்கு?"

யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். தூத்துக்குடி, ராமநாதபுரம், தேனி, திண்டுக்கல். எல்லோருமே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள். பாதிப் பேர் எங்கள் வார்டிலேயே இல்லை.

அவர் அடுத்த தாளைத் திருப்பினார். "காரணம், எட்டு. காரணம், ஒன்பது. காரணம், எட்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம், ஏழு, கொஞ்சம் லூசா. என்ன தம்பி இது?"

எனக்கும் புரியவில்லை. (அன்று ஷிப்டில் என் சிநேகிதன் சுடலையிடம் கேட்டேன். "ஏலே, சேஃப்டி ஷூ லிஸ்டுன்னுல்லா நெனச்சேன். எனக்கு எப்போ வரும்?" என்றான். இரண்டாவது வரி அவனுடையது. அவனைப் பார்த்து மற்றவர்கள்.)

அலுவலர் கடைசி வரிக்கு வந்து நிறுத்தினார். "அறுபது பேர்ல இந்த வார்டு ஓட்டர் ஒரே ஒருத்தர்தான்." பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தார். "எஸ்தர் அம்மா, உங்களை எறக்கச் சொல்லி நீங்களேவா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார். மாசமா கீற பொண்ணு ரோட்டத் தாண்டி கொடம் தூக்குதுன்னா, அந்தக் கவுன்சிலர எறக்கத்தான சார் வேணும்?"

அந்த அறையில் எனக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

வெளியே வந்ததும் எஸ்தர் அம்மா சொன்னார்: "ஓனருங்க வூட்லல்லாம் போர்வெல் கீது. கேட்டா, தண்ணிக்கு கொறையே இல்லம்மான்றாங்க. வாடகைக்கு கீறவங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. என் வூடு உன் தெருமுனைலதாம்பா. பச்சை கேட்டு. அறுபது பேரைப் பாத்தியே, என்னை ஒருவாட்டி பாக்கக் கூடாதா?"

அந்தப் பச்சை கேட்டைத் தாண்டித்தான் தினமும் பஸ் பிடிக்க ஓடினேன்.

மறுநாள் காலையில் பேரூராட்சி ஆள் வந்து தெருக்குழாய் வால்வைப் பழுது பார்த்தார். மூன்றாம் நாள் குழாயில் முதலில் காற்று வந்தது, அப்புறம் செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம் தண்ணீர். உங்கள் அம்மா அதன்பிறகு ரோட்டைத் தாண்டியது பிரசவத்துக்குத்தான்.

எஸ்தர் அம்மா கையோடு ஒரு விண்ணப்பமும் கொடுத்திருந்தார், ஓட்டை இந்த ஊருக்கு மாற்ற. "மொதல்ல ஓட்டு வாங்கு. அப்பால என்னை எறக்கு" என்றார். வாங்கினேன். அடுத்த தேர்தலில் அவர் மறுபடி நின்றார். யாருக்குப் போட்டேன் என்று அம்மா இன்றுவரை கேட்கிறாள். ரகசியம் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் இந்த வீட்டில் யாராவது யாரைப் பற்றியாவது குறை சொன்னால், "காரணம் எட்டா, ஒன்பதா?" என்று ஒரு கேள்வி வருகிறது. பெரியவளே, உன் பேப்பரை நானும் பார்த்தேன். பன்னிரண்டு பேருக்கும் அந்த வகுப்பில் ஓட்டு இருக்கிறது, அந்த வகையில் நீ என்னைவிடக் கெட்டிக்காரி. அந்தத் தலைவிப் பெண் வீடு எங்கே என்று கேட்டதற்கு, "பக்கத்து வீட்டு மாடிதாம்ப்பா" என்றாய்.