அங்கெல்லாம் வந்திருக்கிறார்

உலகத்தில் எத்தனையோ ஜீவராசிகள். அவற்றில் கழுத்தைச் சுற்றி ஒரு குட்டித் தலையணையோடு விமானத்திலிருந்து இறங்கும் வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வீட்டுக்குள் காலடி வைத்த அரை மணி நேரத்தில் அது மறந்துபோய், புதுப் பெயர் ஒன்று நிலைத்துவிடும்: அங்கெல்லாம்.

நம் அங்கெல்லாம் ஆறு வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து பத்து நாள் லீவில் அக்கா வீட்டுக்கு வந்தார். தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த அக்கா. தம்பியோடு வாய் வலிக்கப் பேச வேண்டும் என்று, தைக்க வந்த துணிகளையெல்லாம் மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். தம்பிக்கும் அதே ஆசைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் பேச உட்காருமுன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாரே, அங்கே பிடித்தது சனி!

குழாயில் வெந்நீர் வர எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணி, ஸ்விட்சை மேலே தட்டினால் விளக்கு அணைகிறதே என்று திகைத்து, கதவைத் தட்டாமல் உள்ளே வந்த பக்கத்து வீட்டு அம்மாளிடம் 'போன் பண்ணிட்டு வரலாமே' என்று உபதேசித்து, தெருவைக் கடக்கப் போன இடத்தில் வண்டிகள் தமக்காக நிற்கும் என்று நம்பிக் கால் மணி நேரம் நின்று, கடைசியில் ஒரு நாயின் பின்னால் போய்க் கரையேறினார். நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவரை வதைத்தது வீட்டுச் சத்தம். "சாப்பிடலாமா?" என்று அத்தான் கேட்டால் பாத்திரங்கள் அதிர்ந்தன.

"ஏன் அத்தான் இப்படிக் கத்துறீங்க? அங்கெல்லாம் பக்கத்து மேசைல பேசினாக்கூட நமக்குக் கேட்காது."

"அது வந்து மாப்ளே, உங்க அக்காவுக்கு..."

"அக்காவுக்குப் பழகிப்போச்சு. அதான் பிரச்சினையே!"

முடிந்தது. அத்தான் அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அங்கெல்லாம் அக்காவின் எதிரே உட்கார்ந்து, பஞ்சு மாதிரிக் குரலில், அங்கே குப்பைத்தொட்டி எத்தனை நிறம் என்பதில் தொடங்கி ஒன்பது நாள் பேசினார். அக்கா சிரித்த முகத்தோடு தலையாட்டினார். இப்படிப் பொறுமையாகக் கேட்கிற ஆள் அங்கேகூடக் கிடையாது என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

ஒன்பதாம் நாள் சொன்னார்: "நாளைக்குக் கிளம்பணும்னு நெனச்சாலே அழுகையா வருதுக்கா."

அக்கா அதே சிரிப்போடு தலையாட்டினார்.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னக்கா, நான் போறது உனக்குச் சந்தோஷமா?"

அதற்கும் தலையாட்டல்!

அத்தானுக்குத் தாங்கவில்லை. "அவளுக்கு இடது காது சுத்தமாப் போச்சு மாப்ளே. வலது காதுல கத்தினா ஏதோ கொஞ்சம் விழும். போன வருஷமே போன்ல சொன்னேன். 'அங்கெல்லாம் காதுக்கு நல்ல டாக்டர் இருக்காங்க'ன்னு ஆரம்பிச்சு நீதான் அரை மணி நேரம் பேசின. இப்போ நான் கத்தினா நீ முகம் சுளிக்கிறேன்னு, அவளே என்னைக் கத்த வேண்டாம்னுட்டா."

குழாயையும் ஸ்விட்சையும் துருவித் துருவிப் பார்த்த கண்ணுக்கு, தாம் பேசும்போதெல்லாம் அக்கா வலது காதைத் தம் பக்கம் திருப்பியது தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுந்து போய் அந்தக் காதுப் பக்கமாக உட்கார்ந்து, தெருவே கேட்கும்படி கத்தினார்: "அக்கா! நல்லா இருக்கியா?"

பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டாமலே ஓடி வந்தார்.

அக்காவின் கண்ணில் நீர் முட்டியது. "இப்பதான்டா நீ ஊருக்கு வந்த மாதிரி இருக்கு. ஒன்பது நாளா என்னடா முணுமுணுத்துட்டே இருந்த?"

"ஒண்ணுமில்லக்கா!" என்று கத்தினார். ஒன்பது நாளில் அவர் சொன்ன முதல் உருப்படியான பேச்சு அது.

சிரிக்கிறீர்களா? இந்த இனத்தில் சேர விமானம் ஏற வேண்டும் என்றில்லை. மாமியார் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தாலே போதும். திரும்பி வந்து நீங்கள் சொல்வதற்கெல்லாம் வீட்டில் யாராவது சிரித்த முகத்தோடு தலையாட்டிக்கொண்டே இருந்தால், அவசரப்பட்டுப் பூரித்துப்போகாதீர்கள். எதற்கும் ஒரு தடவை, வலப் பக்கமாகப் போய்க் கத்திப் பாருங்கள்.